சாம்பல் அட்டைக்குப் பின்னால் ரோசலின்

போன் வந்தபோது வில்லாபுரம் கடையில் உட்கார்ந்து ஒரு வளைகாப்பு ஆல்பத்தைப் பிரிண்டுக்கு அனுப்ப ஜேபெக் ஃபைலாக மாற்றிக்கொண்டிருந்தேன். திரையில் பச்சைக் கோடு பாதி தூரம் ஓடியிருந்தது. பேசியவர் ரோசலின் அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன். அவர் சுற்றி வளைக்கவில்லை. “செல்வி, அக்கா போயிட்டாம்மா. விடியக்கால.” நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அவர் அடுத்துச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. “போஸ்டர் அடிக்கணும். அவ படம் நல்லதா ஒண்ணு எடுத்துக் குடு. வீட்டுல தேடிப் பாத்துட்டேன், ஒண்ணும் சிக்கல.”

போட்டோத் தொழிலில் இருக்கிற உங்களில் பலருக்கு ரோசலின் அக்காவைத் தெரியும். காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, கல்யாணம் என்று அவனியாபுரத்திலிருந்து கோச்சடை வரை பெண்கள் கூடுகிற வீடுகளில் கேமராவோடு நின்றவர். படம் எடுப்பது அவர். அதைத் திருத்தி ஆல்பமாக்குவது நான். அத்தனை பேரைப் படம் எடுத்தவருக்குச் சாவுப் போஸ்டருக்கு ஒரு படம் இல்லை. நம் தொழிலில் எல்லார் வீட்டுக் கதையும் இதுதான் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அக்காவின் படம் ஓர் இடத்தில் இருப்பது எனக்குத் தெரியும். என் கம்ப்யூட்டரில் ‘அட்டை’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது.

அக்காவின் வழக்கம் அது. எந்த மண்டபத்துக்குப் போனாலும் விளக்கெல்லாம் போட்ட பிறகு, ஆட்கள் வருவதற்கு முன்னால், கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி டைமர் போடுவார். ஓடிப்போய் மேடையில் நின்று, ஒரு சாம்பல் நிற அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடிப்பார். ஒரே ஒரு படம். அது வாடிக்கையாளருக்கு இல்லை, எனக்கு. மண்டப விளக்கு மஞ்சளோ நீலமோ, கம்ப்யூட்டரில் அந்த அட்டையின் மேல் ஒரு தடவை சொடுக்கினால் போதும். இதுதான் சாம்பல் என்று அதற்குத் தெரிந்துவிடும், மற்ற நிறங்கள் தம் இடத்துக்கு வந்துவிடும். அதே அளவை அன்றைய படங்கள் எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவேன். வேலை முடிந்ததும் அந்தப் படத்தை அழிக்கலாம் என்றால் விடமாட்டார். “அது சாட்சிடி. என் சீலை கலரு இது இல்லன்னு எவளாச்சும் சண்டைக்கு வந்தா எதக் காட்டுவ?” அப்படித்தான் அந்த ஃபோல்டர் வருஷக்கணக்காக வளர்ந்தது.

அதில் மிகப் பழைய படம் ஒன்றை எடுத்தேன். அட்டை தெரியாமல் தோளுக்குக் கீழே வெட்டினேன். வில்லாபுரம் பஸ் ஸ்டாப் சுவரில் நீங்கள் பார்த்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அக்கா சிரித்துக்கொண்டிருப்பது டைமர் விளக்கு மினுக்குவதைப் பார்த்துத்தான். அந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு ஃபோல்டரை மூடிவிட்டேன். மற்றதையெல்லாம் அன்றைக்குப் பார்க்கவில்லை.

எங்களுக்குள் முதலில் வந்த சண்டையே படத்தை எதில் சேமிப்பது என்பதில்தான். அக்கா எல்லாவற்றையும் ரா ஃபைலாக, கேமரா பார்த்ததில் ஒன்றையும் கழிக்காமல் எடுப்பார். ஒரு கல்யாணம் முடிந்தால் என் டிஸ்க் நிறைந்துவிடும். ஜேபெக்கில் எடுத்தால் என்ன குறைந்துபோகும் என்று நான் கத்துவேன். “ஜேபெக்ல கேமராவே முடிவு பண்ணிட்டு மிச்சத்தத் தூக்கிப் போட்டுருதுடி. தூக்கிப் போட்டதுல என்ன இருந்துச்சுன்னு உனக்கு எப்புடித் தெரியும்?” என்பார். எனக்கு அது வீம்பாகத்தான் பட்டது.

ஒரு நாள் அவனியாபுரத்திலிருந்து ஒருவர் போனை நீட்டிக்கொண்டு வந்தார். ஏதோ ஒர்க்‌ஷாப்பிலிருந்து நேராக வந்திருந்தார், கையில் கிரீஸ். அம்மா இறந்துவிட்டார், பெரிய சட்டத்துக்குப் படம் வேண்டும். போனில் இருந்தது ஒரு கல்யாணக் கூட்டத்திலிருந்து வெட்டி எடுத்த முகம். சொந்தக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்பி, வெட்டி, சேமித்து, மறுபடி அனுப்பிய படம். பெரிதாக்கினால் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் கட்டம். அவர் மெதுவாகக் கேட்டார்: “வேற யாரு கண்ணையாச்சும் எடுத்து ஒட்டித் தர முடியுமாக்கா?” நம் தொழிலில் இது நடக்காத காரியம் இல்லை. நானும் தயாராகத்தான் இருந்தேன். அக்கா கையை நீட்டித் தடுத்தார். “அடுத்தவ கண்ண வச்சுக்கிட்டு உங்க அம்மாவ தெனம் பாப்பீகளா?” என்றார் அவரிடம். பிறகு முகம் உடையாத அளவுக்குச் சின்னதாக, அஞ்சல் அட்டை அளவில் போட்டுக் கொடுத்தோம். அவர் போன பிறகும் அக்கா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒவ்வொரு தடவ சேவ் பண்ணும்போதும் அந்தம்மா கொஞ்சங் கொஞ்சமா போயிருக்கு செல்வி. ஒருத்தனுக்கும் தெரியல பாரு. எல்லாம் நல்லாத்தேன் இருக்குன்னு நெனச்சுக்கிட்டே அனுப்பிருக்கானுக.” அதற்குப் பிறகு நான் டிஸ்க்கைப் பற்றிப் பேசவில்லை, இன்னொன்று வாங்கினேன்.

இன்னொரு சம்பவமும் சொல்ல வேண்டும். ஒரு தடவை அக்காவின் கேமரா பழுதாகி, வாடகைக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போனார். அதற்கு முன்னால் அதை வைத்திருந்த யாரோ கலர் ஸ்பேஸை, அதாவது நிறங்களின் எல்லையை, வழக்கமான எஸ்ஆர்ஜிபியிலிருந்து பெரியதற்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். அதோடு அது ஜேபெக்கில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிரிண்ட் போடுகிற மெஷினுக்கு எஸ்ஆர்ஜிபியைத் தவிர வேறொன்றும் புரியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆல்பம் வந்தது. சிவப்பெல்லாம் செத்துப்போய், பெண்ணின் உதடு சாம்பலாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஆல்பத்தை மேஜையில் தூக்கிப் போட்டார். “கல்யாணப் பொண்ணா இது? பொணமாட்டம் இருக்கா! மொத மொத இதக் கையில வாங்கணும்னு எங்க தலையெழுத்தா?” மறுபடி போட்டுக் கொடுத்தோம், நன்றாகவே வந்தது. ஆனால் பிணம் என்ற அந்தச் சொல் பலித்துவிடுமோ என்று அக்காவுக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது சாக்குச் சொல்லி அவ்வப்போது போன் போட்டு, நல்லா இருக்கியா, சாப்பிடுறியா என்று விசாரிப்பார். அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் நிறுத்தினார். ஜெபமாலை உருட்டுகிறவருக்கு இப்படி ஒரு பயமா என்று கேலி செய்வேன். “பிரிண்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி எஸ்ஆர்ஜிபியான்னு பாரு. ஜெபமெல்லாம் அப்பறம்” என்பார்.

நிறத்தில் பொய் சொல்ல மாட்டார். அதில் அவர் பிடிவாதம் ஊருக்கே தெரியும். “கொஞ்சம் கலரா போட்டு விடுங்கக்கா” என்று கேட்காத பெண் கிடையாது. “உன் கலரு உனக்கு நல்லாத்தேன் இருக்கு. வெள்ளை வேணும்னா செவுத்துக்கு அடி” என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணே சிரித்துவிடும்படி தாடையைப் பிடித்துத் திருப்பி நல்ல வெளிச்சத்தில் நிறுத்துவார். புடவை எடுக்கப் போகும் முன்பே சொல்லிவிடுவார்: “மஞ்சப் பட்டு மட்டும் வேணாம்த்தா. துணியில இருக்குற மஞ்ச கழுத்துலயும் தாடையிலயும் அடிக்கும். ஒடம்புக்கு முடியாதவ மாதிரி தெரிவ.” இதை அவர் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பார் என்று எனக்குக் கணக்கில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன பொங்கலுக்குப் பிறகு அக்கா கடைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். மெமரி கார்டை அந்தோணி அண்ணன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுப்பார். அவர் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். வேலைக்குப் போகிற வழியில் நின்று, வண்டியை அணைக்காமலே நீட்டுவார். கேட்டால், “மக கல்யாண வேலைம்மா, அலைச்சல்” என்பார். உண்மைதான், அவர்கள் மகள் ஜெனிக்கு மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம். நானும் நம்பினேன்.

மாசியில் அவனியாபுரத்தில் ஒரு சடங்கு வீட்டுக்கு நானும் போயிருந்தேன். வெகுநாள் கழித்து அக்காவைப் பார்க்கிறேன். முழுக்கை ரவிக்கை, லேசாகக் கறுத்த கண்ணாடி. கண் வலி என்றார். பந்தியில் பிரியாணியைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார். பிரியாணி என்றால் இரண்டாவது தடவை கேட்டு வாங்குகிறவர். “எண்ணெ வாடை கொமட்டுதுடி. நீ சாப்புடு.” கண்ணாடியைத் துடைக்கக் கழற்றியபோது பக்கத்திலிருந்த ஒரு கிழவி உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, உன் கண்ணு ஏன் இப்புடிக் கெடக்கு?” அக்கா மேலே தொங்கிய சீரியல் லைட்டைக் காட்டினார். “எல்லாம் லைட்டு ஆச்சி.” நானும் அண்ணாந்து லைட்டைப் பார்த்தேன். அந்தப் பந்தலில் எல்லார் கண்ணும் மஞ்சளாகத்தான் இருந்தது.

அந்தச் சடங்கின் அட்டைப் படமும் வழக்கம்போல எனக்கு வந்தது. அட்டையின் மேல் சரியாகச் சொடுக்க, அதைத் திரை நிறையப் பெரிதாக்குவேன். அப்போது பிடித்திருக்கிற ஆள் திரைக்கு வெளியே போய்விடுவார். சாம்பல் சாம்பலானதும் அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள். அட்டையைப் பிடித்தவரை யார் பார்க்கிறார்கள்?

ஜெனியின் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போனேன். மாதா கோயில் வாசலில் மகளின் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்த அக்காவைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நல்ல மாம்பழ மஞ்சளில் பட்டுப் புடவை. “என்னக்கா, ஊருக்கெல்லாம் மஞ்சப் பட்டு வேணாம்னுட்டு நீங்களே கட்டிருக்கீக?” அவர் என் கன்னத்தைத் தட்டினார். “மகளுக்குப் புடிச்ச கலருடி. ஒரு நாளைக்குத்தேன” என்றார். பூசை முழுக்கவும் அவரேதான் படம் எடுத்தார். தாலி கட்டும்போது பெண்ணைப் பெற்றவர் பீடத்தின் ஓரத்தில் மண்டியிட்டுக் கேமராவுக்குப் பின்னால் இருந்தார். குடும்பப் படம் எடுக்கும்போது வேறு யாரிடமாவது கேமராவைக் கொடுங்கள் என்று சம்பந்தி வீட்டார் எவ்வளவோ சொன்னார்கள். “ஃபோகஸ விட்டுருவானுக” என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். அந்தக் கல்யாணத்தின் மெமரி கார்டு மட்டும் என்னிடம் வரவில்லை. எம்மக கல்யாணத்த நானே பாத்துக்கிறேன் என்றார்.

கல்யாணம் முடிந்து மறுவீடு போய் வந்த கையோடு அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். போய்ப் பார்த்தபோது டாக்டர்கள் செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை. ஆடி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பி வரும்போதுதான் அந்தோணி அண்ணன் சொன்னார். தை மாதமே அக்கா தனியாக டாக்டரிடம் போயிருக்கிறார். கணையத்தில் கட்டி, கண்ணும் உடம்பும் மஞ்சளானது அதனால்தான். உடனே ஆப்பரேசன் செய்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். “கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கப்போற நேரத்துல நான் ஆஸ்பத்திரில படுத்தா கல்யாணம் தள்ளிப் போகும், அப்பறம் நின்டுகூடப் போகும். கல்யாணம் முடியட்டும்னுட்டா. பிள்ள தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா செல்வி. நான் என்னத்தச் செய்ய?” அவர் நடுரோட்டில் நின்று அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவர் மேல் இல்லை, மண்ணுக்குள் இறக்கிவிட்டு வந்தோமே, அந்த மனுஷி மேல். ஒரு படத்தில் சீலைக் கலர் ஒரு நூல் மாறினால் என்னை அந்தப் பாடு படுத்தியவர்!

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் அந்த ஃபோல்டரைத் திறந்தேன். எல்லாம் ரா ஃபைல்கள். ஒவ்வொன்றிலும் அட்டையை வைத்து நிறம் சரிசெய்திருந்தேன், ஆகவே ஒவ்வொன்றிலும் இருப்பது உள்ளபடியான நிறம். இந்தத் தடவை அட்டையைப் பெரிதாக்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். மார்கழிப் படத்திலேயே கண்ணின் வெள்ளையில் லேசாக மஞ்சள் தட்டுப்பட்டது. தையில் சந்தேகமே இல்லை. மாசியில் கன்னம் உள்ளே போயிருந்தது. கேமரா தானே நிறம் போட்ட ஜேபெக்காக இருந்திருந்தால் அதை விளக்கின் மஞ்சள் என்று எண்ணிக் கழித்தாலும் கழித்திருக்கும். ரா எதையும் தூக்கிப் போடவில்லை.

அதைவிட இன்னொன்று. பழைய படங்களில் அட்டை நெஞ்சுக்கு நேரே இருக்கும். தை கழிந்ததிலிருந்து அது மேலே ஏறத் தொடங்கியிருந்தது. முதலில் கழுத்து. பிறகு தாடை. மாசி கடைசியில் வாயை மறைத்தது. பங்குனியில் கறுப்புக் கண்ணாடி மட்டும் அட்டைக்கு மேலே தெரிந்தது. தினமும் நான் திறந்து பார்க்கிற படத்தில், நான் பார்த்துவிடுவேன் என்று பயந்து, மனுஷி ஒளிந்துகொண்டே போயிருக்கிறார். வேறு யாரையாவது நிற்க வைத்திருக்கலாம். அட்டையை ஸ்டாண்டில் சாய்த்து வைத்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கண்டுபிடித்துவிட வேண்டும் என்றும் ஒரு மூலையில் ஆசை இருந்ததோ என்னவோ.

சில நாள் கழித்து ஜெனி கல்யாண மெமரி கார்டோடு வந்தாள். என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். “சித்தி, எல்லாத்தையும் பாத்துட்டேன். எங்க அம்மா என் கல்யாணத்துல ஒரு படத்துலகூட இல்ல. போன்ல எடுத்தவங்ககிட்டயும் கேட்டுட்டேன், எல்லாத்துலயும் முதுகுதான் இருக்கு. நீங்க ஒரு தடவ பாருங்களேன்.” நான் கார்டைப் போட்டு முதல் படத்தைத் திறந்தேன். எனக்குத் தெரியும், முதல் படம் அட்டைப் படமாகத்தான் இருக்கும்.

ஆளில்லாத கோயில். பீடத்துக்கு முன்னால் மஞ்சள் பட்டில் அக்கா நிற்கிறார். இரண்டு கையாலும் அட்டையை முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறார். முகம் துளிகூடத் தெரியவில்லை.

நான் பழக்க தோஷத்தில் அட்டையின் மேல் சொடுக்கினேன். அட்டை சாம்பலானது. பின்னால் இருந்த சுவர் வெள்ளையானது, பீடத்துப் பூ வெள்ளையானது. அட்டையின் இரு பக்கமும் பிடித்திருந்த விரல்கள் மட்டும் மாறவில்லை. சாம்பலுக்குப் பக்கத்திலேயே, நகக்கண் வரைக்கும் மஞ்சள். ஒளிந்துகொள்ளத் தெரிந்தவருக்கு அட்டையைப் பிடிக்கிற கையை ஒளிக்க இடம் இல்லை.

ஜெனி திரைக்குக் கிட்டே வந்தாள். “அம்மா கை” என்றாள். அதில் அவளுடைய அப்பா போட்ட மோதிரம், நூல் சுற்றி இறுக்கியும் தளர்ந்து கிடந்தது. நான் கேட்டேன்: “அந்த மஞ்சள மட்டும் எடுத்துரவாம்மா? நிமிஷ வேலை.” அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். “கலரத் தொடாதீங்க சித்தி. எனக்காகத்தான அந்தக் கலரு.”

அவள் ஆல்பத்தில் முதல் பக்கம் அந்தப் படம்தான். நிறத்தைத் தொடவில்லை. பிரிண்டுக்கு அனுப்பும் முன் எஸ்ஆர்ஜிபியா என்று அக்கா சொன்னபடி பார்த்துவிட்டு அனுப்பினேன். சம்பந்தி வீட்டார் முகத்தைச் சுளித்ததாகக் கேள்விப்பட்டேன், சுளித்தால் சுளிக்கட்டும்.

அவருடைய கேமராவை ஜெனி வைத்துக்கொண்டாள். நான் கேட்டு வாங்கிக்கொண்டது அந்தச் சாம்பல் அட்டையை மட்டும்தான். ஓரங்களில் அவர் விரல் பட்டுப் பட்டு மங்கியிருக்கிறது. வேலைக்கு இனி சரிப்படாது, புதிதாக வாங்கு என்கிறார்கள். நான் மாற்றுவதாக இல்லை. அக்காவின் முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் பலரும் நம் தொழில்காரர்கள். உங்களிடமும் இப்படி ஒரு ஃபோல்டர் இருக்கும். வீட்டுக்குப் போனதும் அதைத் திறந்து, அட்டையை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். அக்காவின் இடத்தில் இப்போது மண்டபங்களுக்குப் போவதும், டைமர் போட்டுவிட்டு ஓடிப்போய் நிற்பதும் நான்தான். அட்டையை நெஞ்சுக்குக் கீழேயே பிடிக்கிறேன். கடைக்கு வந்து படத்தைத் திறந்ததும் முதலில் என் கண்ணின் வெள்ளையைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் அட்டையைச் சொடுக்குகிறேன்.